அலுமாரிக்கு மேலே சுந்தரி, கீழே டைகர்

அலுமாரியின் உச்சியில் சுந்தரி. முதுகு மயிர் முழுவதும் குத்திட்டு நிற்கிறது. கீழே என் சாய்மனைக் கதிரையில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, வீடு அதிரக் குரைத்துக்கொண்டு டைகர். இருவருக்கும் நடுவில் அக்கா. வலது கையில் மாவுக்கட்டு, இடது கையில் விளக்குமாறு.

அலுமாரிக்கு மேல் அடுக்கியிருந்த பழைய பஞ்சாங்கங்களும் என் மனைவியின் தையல் பெட்டியும் அதற்குள் நிலத்துக்கு வந்துவிட்டன. பெட்டி திறந்துபோய், பொத்தான்கள் அறையெங்கும் உருண்டு கிடந்தன.

“தம்பி, இது சரிவராது. நாளைக்கு முதல் லோஞ்சில நான் நயினாதீவுக்கே திரும்பிப் போறன்” என்றார் அக்கா.

அவர் ஊர்காவற்றுறையில் என் வீட்டுக்கு வந்து இறங்கி அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. பயணப் பையை இன்னும் திறக்கவில்லை. தேநீருக்கு வைத்த தண்ணீர் குசினியில் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது.

இரண்டு மூன்று வருடங்களுக்கு முந்திய கதை இது. தகப்பனாரின் மாத்தறைக் கடையையும் அந்த ஐயாவின் கோபத்தையும் இந்தப் பத்தியில் வாரக்கணக்காக எழுதி வந்தவன் இப்போது ஒரு பூனையையும் நாயையும் பிடித்துக்கொண்டிருக்கிறானே, இந்த மனுசனுக்குச் சரக்குத் தீர்ந்துபோயிற்று என்று சிலர் நினைக்கலாம். நினைக்கட்டும். என் அக்கா என்னோடு இருப்பாரா, நயினாதீவில் தனியே கிடப்பாரா என்பதை அந்த இரண்டு சீவன்களும்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

இரண்டு கடகத்துக்குள் ஒரு பயணம்

அக்கா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் நயினாதீவில். அத்தான் கண்மூடி வெகுகாலம். ஒரே மகள் வதனி கனடாவில். அந்த வைகாசியில் கிணற்றடிச் சீமெந்தில் வழுக்கி விழுந்து, அக்காவின் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. எழும்ப முடியாமல் கிடந்திருக்கிறார். கிணற்றுக் கட்டில் ஏறி நின்று சுந்தரி கத்தியதால்தான் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள் என்பது அக்காவின் கட்சி. பக்கத்து வீட்டுப் பெண்ணோ, தான் மண்வெட்டி இரவல் கேட்க வந்ததாகச் சொல்கிறாள்.

“மண்வெட்டி கேக்க அவவுக்கு அந்த நேரத்தில புத்தி குடுத்தது ஆர்?” என்று அக்கா கேட்பார். அதோடு வழக்கு முடிந்துவிடும்.

வதனி எனக்குத் தொலைபேசி எடுத்து அழுதாள். “மாமா, அம்மாவை இனித் தனிய விடேலாது. இங்க வரவும் மாட்டாவாம். நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போகோணும்.”

எனக்கும் துணை தேவைப்பட்டது. மனைவி போய் இரண்டு வருடமாகியிருந்தது. மூன்று அறை வீட்டில் நானும் டைகரும்தான். அக்காவோ, கட்டு வெட்டும்வரை வருகிறேன் என்றார், ஒரே ஒரு நிபந்தனையோடு. சுந்தரியும் வருவாள்.

பூனையை வேறிடம் கொண்டுபோகும்போது அது வழியைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் திரும்பி வந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நடுவே கடல் கிடந்தாலும் அந்த நம்பிக்கைக்கு மாற்றமில்லை. பனையோலைக் கடகம் இரண்டை வாயோடு வாய் வைத்துக் கயிற்றால் கட்டி, உள்ளே சுந்தரியை வைத்தார் அக்கா. லோஞ்சு நிறையக் கோயிலுக்கு வந்து திரும்பும் சனம். குறிகட்டுவானில் கரை ஏறும்வரை கடகத்துக்குள்ளிருந்து ஒப்பாரி ஓயவில்லை.

“உள்ளுக்க என்ன, கோழியோ?” என்று ஒருவர் கேட்டார்.

“ஏன், கோழி உப்பிடி அழுது நீங்கள் கேட்டிருக்கிறியளோ?” என்றார் அக்கா. அதன்பிறகு ஒருவரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

என் வீட்டில் நாய் எங்கே படுக்கும் என்பதை நான் அவருக்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஓட்டோவில் வரும்போது சொல்லலாம் என்றிருந்தேன். வாய் வரவில்லை.

வெளியே நாய், உள்ளே பூனை

எங்கள் தீவு வீடுகளில் இதற்கு ஒரு சட்டம் இருந்தது. நாய் வளவுக்கு, பூனை வீட்டுக்கு. நாய் படி ஏறக்கூடாது. பூனை குசினிக்குள் போகலாம், சாமி அறையில் விளக்கடியில் சுருண்டு படுக்கலாம், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நாயும் பூனையும் வேலிச் சண்டைக்காரர் போல ஆளையாள் தூரத்தில் பார்த்தபடியே சீவியத்தை முடித்துவிடும். அவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும் என்ற தேவை யாருக்கும் வந்ததில்லை.

அந்தச் சட்டத்தை முறித்தவன் நான்.

டைகர் என் மனைவி வளர்த்த நாய். பெயர்தான் டைகர். கோயிலில் ஒரு வெடி கேட்டால் கட்டிலுக்கு அடியில் இடம் தேடுகிற வீரன். அவள் இருந்தவரை அவனுக்கு வாசற்படிதான் எல்லை. அவள் போனபிறகு, செத்தவீட்டுச் சனமெல்லாம் கலைந்தபிறகு, அவன் படியில் நின்று வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பான். கூப்பிட்டாலும் சாப்பிட வரமாட்டான். ஒரு நாள் என்னால் தாங்க முடியவில்லை. “உள்ளுக்க வாடா” என்றேன். அன்று முதல் என் கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கிறான்.

விளக்குமாற்றோடு நின்ற அக்கா சொன்னார்: “நாயை வெளியில விடு. எல்லாம் அடங்கும்.”

“அவன் உள்ளுக்கதான் படுக்கிறவன் அக்கா.”

“எப்ப தொடக்கம்?”

சொன்னேன். அக்கா நிலத்தில் கிடந்த தையல் பெட்டியைப் பார்த்தார். பிறகு விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுக் குனிந்து, இடது கையால் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டார்.

“சரி, சுந்தரி என்ர அறைக்குள்ள இருக்கட்டும். கதவைச் சாத்துவம்” என்றார். லோஞ்சுக் கதையை அன்று மறுபடி எடுக்கவில்லை.

கனடாவிலிருந்து வந்த பாடம்

வதனியின் வீட்டில் நாயும் இருக்கிறது, பூனையும் இருக்கிறது. இரண்டும் ஒரே சோபாவில் படுத்துக் கிடப்பதைத் தொலைபேசியில் காட்டுவாள். அவள்தான் எங்களுக்கு வாத்தியார்.

முதலில் இரண்டையும் வேறு வேறு அறையில் வையுங்கள். ஒன்றின் படுக்கைத் துணியை மற்றதுக்குக் கொடுங்கள், மணம் பழகட்டும். சாப்பாட்டைக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக வையுங்கள். நாளாக ஆகத் தட்டுகளைக் கதவுக்குக் கிட்டக் கொண்டு வாருங்கள். முக்கியமாக, ஒருவரும் சத்தம் போடக்கூடாது. இந்தக் கடைசிப் பாடந்தான் எங்கள் குடும்பத்துக்குச் சரியான கஷ்டம்.

டைகர் படுக்கிற என் பழைய சாரத் துணியை அக்காவிடம் நீட்டினேன். இரண்டு விரலால் வாங்கினார்.

“ஒருக்காத் தோய்ச்சுப்போட்டுக் குடுக்கட்டோ?”

“ஐயோ அம்மா, தோய்ச்சால் மணம் போயிடும். மணத்துக்குத்தானே குடுக்கிறது!” என்று தொலைபேசிக்குள்ளிருந்து வதனி கத்தினாள். சத்தம் போடக்கூடாது என்ற பாடத்தை வாத்தியாரே மறந்துவிட்டாள்.

அக்கா சாரத்தைச் சுந்தரியின் கடகத்துக்குள் போட்டுவிட்டு நேரே கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினார். சுந்தரி அன்று முழுவதும் கடகத்தின் பக்கம் போகவில்லை. அடுத்த நாள் விளிம்பில் இருந்தாள். அதற்கடுத்த கிழமை சாரத்தின்மேல் படுத்திருந்தாள்.

சாப்பாட்டுக்குச் சூடை மீன். சந்தையில் வாங்கி வந்து நான்தான் அவிப்பேன். அக்காவுக்குக் கை ஏலாது, சமையலும் என்னுடையதுதான். கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா சின்ன மர வாங்கில் குந்தியிருந்து சுந்தரிக்குப் போடுவார். இந்தப் பக்கம் நான் டைகருக்கு. தொடக்கத்தில் உறுமலும் சீறலும்தான். பிறகு உறுமல் குறைந்து, சாப்பிடும் சத்தம் மட்டும் இரண்டு பக்கமும் கேட்கத் தொடங்கியது.

அந்த நேரத்தில் அக்காவும் நானும் சாத்திய கதவுக்கு ஊடாகக் கதைப்போம். முகம் தெரியாததால் போலும், நேரே கேட்கக் கூச்சப்படுகிற கதைகளெல்லாம் வந்தன.

“தம்பி, மாத்தறைக்குப் போன புதுசில நீ அழுதனியோ?” என்று ஒரு நாள் கதவு கேட்டது.

“ஓம் அக்கா.”

“நானும் இஞ்ச அழுதனான். அம்மாவுக்குத் தெரியாது.”

அக்கா வைத்த கறிகள்

எங்கள் குடும்பங்களில் ஆண்பிள்ளைக்கு மீசை அரும்பமுன் தெற்கே கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ முடித்த கையோடு ஐயா என்னை மாத்தறைக்கு இழுத்துக்கொண்டு போனார். அக்கா அம்மாவோடு தீவில் நின்றுவிட்டார். அவர் சமைக்கப் பழகியதே அதற்குப் பிறகுதான்.

கடைக்குள் போனால் வெங்காயமும் மாசிக் கருவாடும் மண்ணெண்ணெயும் கலந்த மணம். எலிக்காக ஐயா ஒரு பூனை வைத்திருந்தார். சீனி மூட்டைமேல் படுத்திருக்கும். அதற்குத் தமிழ் தெரியாது. சிங்களத்தில் கூப்பிட்டால்தான் காதை ஆட்டும். என் முதல் சிங்களம் அந்தப் பூனையோடு பேசிப் பழகியதுதான். ஊர் நினைவு வந்தால் அதன் முதுகில் முகத்தை வைத்துக்கொள்வேன்.

வருடத்தில் ஒருதரம் ஊருக்கு வருவோம். நயினை அம்மாளின் திருவிழாவுக்கு. கொடியேறும்போது வந்தால் தீர்த்தம் முடியத் திரும்பிவிடுவோம். அதன்பிறகு அக்காவும் நானும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் அவ்வளவுதான். அந்த நாட்களில் ஊரே மரக்கறி, வீட்டில் மீன் ஏறாது. அக்கா வைக்கும் முருங்கைக்காய்க் கறி, வாழைக்காய்ப் பொரியல், மாங்காய் போட்ட பருப்பு, எல்லாம் எனக்கு நாக்கில் எழுதி வைத்த மாதிரி இருக்கும். லோஞ்சில் ஏறியதும் கையை மணந்து பார்ப்பேன். கறிவேப்பிலை மணக்கும்.

பிறகு ஒரு கெட்ட காலத்தில் கடை எரிந்துபோனது. இடம்பெயர்ந்தோம், திரும்பினோம், கலியாணங்கள் நடந்தன, நான் ஊர்காவற்றுறையோடு தங்கிவிட்டேன். வளர்ந்த பிறகும் நான் நயினாதீவுக்குப் போனது திருவிழாவுக்கு அல்லது செத்தவீட்டுக்கு. இரண்டிலும் மரக்கறிதான்.

அன்று சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து, சூடையின் தலையை டைகருக்குப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு இது விளங்கியது. அக்காவின் மீன் குழம்பைப் பற்றி அத்தான் புகழ்ந்து கேட்டிருக்கிறேன். வயது அறுபதைத் தாண்டியும், கூடப்பிறந்தவளின் கையால் ஒரு மீன் குழம்பு நான் சாப்பிட்டதில்லை.

சொன்னேன்.

“ஓமடா, அப்பிடித்தான் போச்சுது” என்றார் அக்கா. “கட்டு வெட்டட்டும், பாப்பம்.”

கொடியேறியது

தட்டுகள் கதவுக்கு ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிட்டன. இனிக் கதவைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாம் என்று வதனி சொல்லியிருந்தாள். அந்த நேரம் பார்த்து நயினாதீவில் கொடியேற்றம் வந்தது.

முதல் நாளே அக்கா மீன் சட்டியைச் சாம்பல் போட்டு மினுக்கச் சொல்லிக் கொட்டிலுக்குள் வைப்பித்தார். கத்தியும் அங்கே போயிற்று. நானும் மறு பேச்சில்லாமல் செய்தேன். ஆயுள் முழுக்கப் பழகிய பழக்கம். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு பிழை விடமாட்டார்கள். மீனைக் காட்டிப் பழக்கிக்கொண்டிருந்த இரண்டு சீவன்களின் மீனைப் பாதி வழியில் நிறுத்தினோம்.

“அம்மா, அதுகளுக்கு என்ன விரதம்? இப்ப நிப்பாட்டினால் பழகினதெல்லாம் வீணாப் போயிடும்!” என்று வதனி கெஞ்சினாள்.

“கொடியேறினாப் பிறகு மீன் இந்தப் படலைக்குள்ள வராது. அதுகளும் இந்த வீட்டிலதானே இருக்குதுகள்? அம்மாளாச்சி பாத்துக்கொள்ளுவா.”

நயினாதீவில் திருவிழா நாட்களில் சுந்தரி தன் பாட்டில் எங்கேயோ போய், மீசையை நக்கிக்கொண்டு வருவாளாம். எங்கே போனாய் என்று அக்கா கேட்பதில்லையாம். அது அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம்.

பருப்பும் பூசணிக்காயும் பிசைந்த சோற்றை டைகர் மணந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். சுந்தரி தட்டுக்கு முதுகைக் காட்டி இருந்தாள். கதவுக்கு இரண்டு பக்கமும் உறுமலும் சீறலும் திரும்பி வந்தன. நாங்கள் பழக்கியதெல்லாம் தலைகீழாகப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

சுந்தரி அறை யன்னலால் குதித்து வெளியே போகத் தொடங்கினாள். பொழுதுபடத் திரும்பி வந்துவிடுவாள். வளவுக்குள்தான் திரிகிறாள் என்று இருந்துவிட்டோம். டைகரும் வேலிப் பொட்டால் நுழைந்து போய் வந்தான். அதற்கிடையில் ஆஸ்பத்திரியில் அக்காவின் கட்டையும் வெட்டிவிட்டார்கள்.

ஒரு நாள் அக்கா மூக்கைச் சுளித்தார். “இவனில மீன் வெடுக்கு அடிக்குது. சாமி அறை இருக்கிற வீட்டுக்க உப்பிடியே விடுறது? கட்டிப்போடு.”

அடுத்த நாள் காலை டைகரை மாமரத்தில் கட்டிப்போட்டேன். நாள் முழுவதும் இழுத்து இழுத்து ஊளையிட்டான். அன்று விளக்கு வைத்த பிறகும் சுந்தரி வீட்டுக்கு வரவில்லை.

அக்கா படலைக்கும் வீட்டுக்குமாக நடந்தார். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் அடைத்துவிட்டது. பிறகு கதிரையில் இருந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“கையும் சுகம் வந்திட்டுது. தேருக்கு நான் போறன் தம்பி. போனால் அங்கயே நிண்டிடுவன். சுந்தரியும் இல்லாட்டி எனக்கு இஞ்ச என்ன இருக்கு?”

நான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வருடத்தில் பதினைந்து நாள் தம்பியாக இருந்தவன் எந்த முகத்தோடு அதைச் சொல்வது?

வள்ளத்துக்குக் கீழே

விடிந்ததும் டைகரின் கயிற்றை அவிழ்த்தேன். அவிழ்த்ததுதான் தாமதம், வேலிப் பொட்டால் பாய்ந்தான். நான் பின்னால் ஓடினேன். இந்த வயதில் அதை ஓட்டம் என்று சொல்லக்கூடாது. பின்னால் அக்காவின் செருப்புச் சத்தமும் கேட்டது.

டைகர் சந்தி தாண்டி, மீன் இறக்கும் கரைக்குப் போனான். யோசேப்பு அண்ணை அங்கே வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். கடை போய் எத்தனையோ காலமாகியும் என்னை முதலாளி என்று கூப்பிடுகிறவர் அவர்.

“என்ன முதலாளி, நேற்று இவரைக் காணேல்லை?”

“இவன் இஞ்ச வாறவனோ?”

“கொடியேறின அடுத்த நாளில இருந்து ரெண்டு பேருமெல்லோ வருகினம். இவர் முன்னால, பூனையம்மா பின்னால. கழிச்சு எறியிற மீனை ரெண்டும் ஒண்டாத்தான் தின்னுங்கள். சந்தி நாயள் கிட்ட வந்தால் இவர் விடமாட்டார். நேற்று அவ முந்தியே வந்திட்டா. இவர் வரேல்லை. தனியத் திரும்பிப் போகப் பயந்து, அந்தா, அந்த வள்ளத்துக்குக் கீழதான் கிடந்தவ.”

கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்தடியில் டைகர் மூக்கை நுழைத்து முனகினான். சுந்தரி வெளியே வந்தாள். உடம்பெல்லாம் மணல். நேரே அவனிடம் போய், அவனுடைய முன்னங்காலில் தலையை உரசினாள். அவன் அவளுடைய காதை ஒருதரம் நக்கினான்.

திரும்பிப் பார்த்தேன். விரத நாளில், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி, மீன் கரையில் அக்கா நின்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்து தலைப்பை நனைத்தது.

“எடி சுந்தரி, நானும் இரவிரவாக் கூப்பிட்டனான். உனக்கு இவன் வந்தால்தான் வீடு தெரியுமோ?”

வீட்டுக்குத் திரும்பினோம். முன்னால் டைகர், பின்னால் சுந்தரி, அதன் பின்னால் அக்கா, கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு நான். இரண்டும் ஒன்றாக வீட்டுக்குள் போயின. அக்காவின் அறைக் கதவை அதற்குப் பிறகு நாங்கள் சாத்தவில்லை.

வாளி

ஆனாலும் தேருக்கு அக்கா புறப்பட்டார். பயணப் பையையும் எடுத்தார். “இதுகள் ரெண்டையும் வடிவாப் பாத்துக்கொள்” என்றார். எப்போது வருவீர்கள் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. சுந்தரிக்கு இங்கே துணை கிடைத்துவிட்டது, இனி அவளை விட்டுவிட்டுப் போனாலும் பாதகமில்லை என்று எண்ணிவிட்டாரோ? தேரன்று நயினாதீவுப் பக்கம் பார்த்துக் கும்பிட்டபோது, அம்மாளிடம் நான் கேட்டது அக்கா திரும்பி வரவேண்டும் என்பது ஒன்றைத்தான்.

தீர்த்தம் முடிந்த அன்று பின்னேரம் படலையடியில் ஓட்டோ ஒன்று நின்றது. அக்கா இறங்கினார். தோளில் பயணப் பை. கையில் ஒரு வாளி. நயினாதீவு வீட்டுக் கிணற்று வாளி. கயிறு சுருட்டி அதற்குள் இருந்தது.

“என்னக்கா, வாளியோட?”

“அங்க இனி ஆர் தண்ணி அள்ளுறது?” என்றபடி வாளியை என் கையில் தந்தார்.

மறுநாள் விடியச் சந்தைக்கு அவரே போனார். கொட்டிலிலிருந்து சட்டி வந்தது, கத்தி வந்தது. குசினிக்குள் என்னை விடவில்லை. புளியும் வெந்தயமும் கொதிக்கிற மணம் விறாந்தைவரை வந்தது. மீன் தலைகளை அவித்து ஒரே தட்டில் போட்டு நடுவிறாந்தையில் வைத்தார். டைகர் ஒரு பக்கம், சுந்தரி ஒரு பக்கம்.

எனக்கும் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, எதிரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். நான் ஒரு வாய் வைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“என்னடா, எப்பிடி?”

“கொஞ்சம் உறைப்புக் கூட அக்கா.”

“பழகிடும்” என்றார் அக்கா.